ஒரே எண்ணில் நான்கு புள்ளிகள்

அலுவலகத்தில் அவளைப் புள்ளிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கண் சொட்டு மருந்து தயாரிக்கும் கம்பெனியில் போலிகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தனி எண் இருக்கும். வாங்கியவர் செல்போனில் அதை ஸ்கேன் செய்தால், அவள் திரையிலுள்ள வரைபடத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி பூக்கும். சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொக்கும்போது, ஊர் ஊராக யார் யாரோ அண்ணாந்து ஒரு துளிக்காகக் காத்திருப்பது போல அவளுக்குத் தோன்றும்.

அப்படியொரு மதியம். பத்து நாள் முன்பு கடலோர ஊரொன்றில் பூத்த எண், மறுபடி வேறோர் ஊரில் பூத்தது. பிறகு மூன்றாவது ஊரில். ஒரு எண்ணுக்கு ஒரு பெட்டிதான், மற்றதெல்லாம் போலி. அவள் நிமிர்ந்து உட்காருவதற்குள் நான்காவது புள்ளியும் பூத்தது. அவள் குடியிருக்கும் தெருவில்.

போன வாரம் கண் ஆபரேஷன் முடிந்து அவள் கணவர் வீட்டில்தான் இருந்தார். உடனே அவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, மருந்து விட்டாச்சா?"

"இன்னும் இல்ல. ஸ்கேன் பண்ணினேன், அது என்னமோ சுத்திக்கிட்டே இருக்கு. பொறுமை போய் மூடியத் திறந்துட்டேன்."

"மூடுங்க! ஒரு சொட்டுகூட விடக் கூடாது!"

"ஏன் கத்துற? ஆபரேஷன் கண்ணுலதானே, காதுலயா?"

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த எண்ணை ஸ்கேன் செய்த எல்லாப் போன்களுக்கும், "இந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம்" என்று செய்தி அனுப்பினாள்.

பின்னாளில் வீட்டிலிருந்த பாட்டிலைச் சோதித்தார்கள். வெறும் தண்ணீர், அதுவும் அழுக்குத் தண்ணீர். அதைக் கடைக்குக் கொடுத்த மொத்த வியாபாரி போலீசில் மாட்டினான். மற்ற ஊர்களில் போலியை வாங்கியவர்களில் ஒரு பெண்ணுக்கு மட்டும் கண் சிவந்திருந்தது. டாக்டர் பார்த்ததும் சரியாகிவிட்டது.

ஆனால் அன்று அவள் செய்தியைப் பார்த்ததும், முதல் புள்ளிக்குச் சொந்தக்காரரான கடலோர ஊர்த் தையல்காரர்தான் போனில் எகிறினார். "பத்து நாளா விடுறேன், ஊசி கோக்க இப்பக் கண்ணாடியே வேணாம். இதப் போய் வேணாங்கிறீங்களே!"

அந்த எண் எந்தக் கடைக்குப் போனதென்று பார்த்தாள். அவர் வாங்கிய கடைக்குத்தான். பெட்டியின் அடிப்பக்க எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள், அவையும் பொருந்தின.

"ஐயா, உங்களோடதுதான் அசல்."

"அதத்தானே என் கண்ணு சொல்லுது!"

அன்று மாலை கணவருக்கான நல்ல மருந்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே மஞ்சள் வெயில் மிதந்தது. முகம் தெரியாத அந்த மனிதர் ஒரே மூச்சில் ஊசி கோப்பதை நினைத்தபடி வந்தவள், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.