பத்தாவது இலை

கொல்லைப் பந்தலில் பத்து இலை போட்டிருந்தார்கள். ஒன்பதில் ஆள் உட்கார்ந்தாயிற்று. பத்தாவது இலையில் தெளித்த தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த விருந்து என் பெரியத்தா, அதாவது அத்தாவின் அண்ணன், செய்த ஒரு சத்தியத்துக்காக. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அவருடைய வயலை ஒரு குத்தகைக்காரர் தகப்பன் காலத்திலிருந்து உழுதுவந்தார். குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய அரசு சட்டம் கொண்டுவந்ததும், அவர் வெறும் கூலியாள் என்று பெரியத்தா மறுத்தார். சட்டமும் சாட்சியும் குத்தகைக்காரர் பக்கம் இருந்தன. அவரோ விசாரணையில் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஐயா குர்ஆன் மேல கை வச்சு நான் குத்தகைக்காரன் இல்லைன்னு சொல்லட்டும். நான் வயலை விட்டுக் கரையேறிடுறேன்." ஐயா பொய்ச் சத்தியம் செய்யமாட்டார் என்பது அவர் கணக்கு. பெரியத்தா கை, முகம், கால் கழுவி ஒளு செய்துவிட்டு வந்து கை வைத்தார். குரல் நடுங்கவில்லை. அந்த அறுவடைக்கு வேறு ஆட்கள் இறங்கினார்கள்.

பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. பள்ளிவாசல் இமாமை வீட்டுக்கு அழைத்துக் கேட்டபோது, கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த நானும் கூடத்தில் இருந்தேன்.

"சத்தியத்துக்குப் பரிகாரமா பத்து ஏழைக்குச் சோறு போட்டா கஃப்பாரா நிறைவேறிடும்ல, ஹஜரத்?"

"அது, செய்யறேன்னு சத்தியம் பண்ணிட்டு முறிச்சதுக்குங்க. தெரிஞ்சே சொன்ன பொய்க்கு, மனசு வருந்தித் திருந்தற தவ்பாதான். இதுல ஒரு அடியானோட ஹக்கு இருக்கு. அவன் உரிமையைத் திருப்பிக் கொடுத்து, அவன்கிட்ட மாப்பு கேக்கணும். அவன் மன்னிக்காம அல்லாஹ் மன்னிக்கறதில்ல."

பெரியத்தாவின் காதில் பத்து மட்டும் விழுந்தது.

விருந்தன்று ஒரு ஆள் குறைகிறது என்று கடைத்தெருவுக்கு ஓடிய புது வேலையாள், விவரம் தெரியாமல் அந்தக் குத்தகைக்காரரையே கூட்டிவந்துவிட்டான். யார் வீடு என்பது பந்தலுக்குள் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இலையைப் பார்த்தார், பிறகு பெரியத்தாவைப் பார்த்தார். மாப்பு கேட்க இதைவிடத் தோதான இடம் வாய்க்காது.

"உக்காருப்பா, சாப்பிடு" என்றார் பெரியத்தா.

"நானும் ஏழைக் கணக்குல சேந்துட்டேனா, ராவுத்தரே?" அதுவரை அவர் ஐயா என்றுதான் கூப்பிட்டு வந்தார். "பத்துல ஒண்ணு கொறஞ்சே இருக்கட்டும்."

அவர் படலைத் தாண்டுவதற்குள் பெரியத்தா வேலையாளிடம் சொன்னார்: "வேற ஆளக் கூட்டியா."

வேறு ஆள் வந்தார், சாப்பிட்டார். அதன்பின் பெரியத்தா தவ்பாத் தொழுகை தொழுது, தாடி நனைய அழுதார். அந்த அழுகை நடிப்பில்லை. அழுதது அல்லாஹ்விடம், வயல் அவரிடமே இருந்தது.

இப்போது அவர் பெயரில் ஆண்டுதோறும் பிள்ளைகள் ஏழைகளுக்குப் பிரியாணி கொடுக்கிறார்கள். இலை இல்லை, பொட்டலம். வாசலில் வாங்கிக்கொண்டு போய்விடலாம். உட்காரவும் வேண்டாம், எழுந்து போகவும் வேண்டாம். அரிசி அந்த வயலில் விளைந்தது.