நைனாவின் கையில் என் பேர்

புனேவுக்குக் கொண்டுபோக ஊர் நினைவாக என்ன வாங்கலாம் என்று திருத்தணி மலையடிவாரத்தில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை குத்துகிறவரின் மெஷின் குளவிபோல் ரீங்கரித்தது. நின்றுவிட்டேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நான் மூன்றாவது படிக்கும்போது திருப்பதிக்கு நடந்தே போனவர், மொட்டைத் தலையும் லட்டுமாகத் திரும்பினார். வீங்கிய முன்கையில் தேங்காயெண்ணெய் வாசனை.

"உம் பேருதான், சரோஜா. பச்ச குத்திகினு வந்தேன்."

எனக்கு அதைப் படிக்க வரவில்லை. குத்தியவருக்குத் தெலுங்குதான் தெரியுமாம். நைனாவுக்கோ எந்த எழுத்தும் தெரியாது.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் ஒருவர் சிரித்தார். "இன்னாபா, தெலுங்குல குத்திகினு வந்துக்கிறே? இங்க யாரு படிப்பாங்க?"

எனக்கு அழுகை முட்டியது. நைனா சட்டைக்கையை இன்னும் மேலே மடித்தார்.

"படிக்கத் தெரியாதவன் என்னக் கேக்கட்டும். நான் சொல்றேன்."

அதன்பின் அந்தச் சட்டைக்கை கீழே இறங்கியதே இல்லை. கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

இப்போது மெஷின்காரரிடம் கையை நீட்டி, நைனாவின் பேரைச் சொன்னேன்.

"தமிழா, தெலுங்காங்க?"

"தெலுங்கு."

"படிப்பீங்களா?"

"தெரியாதுங்க. கேக்கறவங்களுக்கு நான் சொல்றேன்."