சாஸ்தா கோயிலில் மூடிய அடுப்பு

2025 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை, பங்குனி உத்திரம். ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்பினேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன். பிறகு பாத்திர மூட்டையோடு அக்காவும் நானும் அம்பாசமுத்திரத்திலிருந்து ஆட்டோவில் கிளம்பினோம். எங்கள் குலதெய்வமான சாஸ்தாவுக்கு மலையடிவாரத்தில், காடு தொடங்கும் இடத்தில் கோயில். வருஷத்துக்கு ஒருநாள் அங்கே போய்ப் பொங்கலிடுவது வழக்கம்.

சுற்றிலும் காய்ந்த புல் முழங்கால் உயரம் நின்றது. கல் கூட்டிப் பொங்கலிட்டோம். படைத்து முடித்ததும் வனக்காவலர் வந்தார். அவருக்குக் கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணாச்சி, அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போங்க. போன வாரம் யாரோ அணைக்காம விட்டுட்டாவ. காடு பத்திக்கிச்சு. பச்சத் தழைய ஒடிச்சு விடிய விடிய தீய அடிச்சோம். ஒரு கௌதாரி முட்டைய விட்டு எந்திரிக்கவே இல்ல. அப்படியே கருகிக் கெடந்துச்சு.”

நான் குடத்தை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்தாள்.

“ஏலே, பொங்கலடுப்புல தண்ணி ஊத்துவாவளா? குடும்பம் வெளங்குமா? மண்ணப் போட்டு மூடு.”

“சாமி கோவிச்சா என்னையப் புடிக்கச் சொல்லுங்க, யக்கா. நா இங்கனதான கெடக்கேன்” என்றார் காவலர்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் அடுத்த குடும்பத்திடம் நடந்தார். அன்று அதையே எத்தனை பேரிடம் சொன்னாரோ. அக்காவிடம் வாதாடி ஜெயித்த ஞாபகம் எனக்கும் இல்லை. மண்ணைப் போட்டு மிதித்தேன்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போன அக்கா கூப்பிட்டாள். மலையில் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. தினமும் மழையளவு குறித்து வைக்கிறவன் நான். இந்தக் கோடுகளை எண்ணுவதை மட்டும் விட்டுவிட்டேன்.

“ஏலே, நம்ம அடுப்பா?”

செல்போன் கோபுரத்துக்கு இடப்பக்கம் எரிகிறது, கோயில் வலப்பக்கம் வெகுதூரம் என்று கைநீட்டிக் காட்டினேன். “இது நம்மது இல்லக்கா.”

“நம்மது அணைஞ்சிருக்கும்லா?”

“அணைஞ்சிருக்கும்.”

“நீ கண்டியா?”

அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கனயும் கௌதாரி இருக்கும்லா” என்றாள். துணியை மடிக்காமலே கீழே போனாள்.

மறுநாள் காலை நான் மோட்டார் போடவில்லை. குழாயடியில் அக்கா இரண்டு குடம் நிரப்பி வைத்திருந்தாள். காப்பிகூடக் குடிக்காமல் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போனோம். குச்சியால் மண்ணை விலக்கினேன். அடியில் கங்கு சிவந்தது. அக்கா செருப்பைக் கழற்றி, சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு, முதல் குடத்தை ஊற்றினாள். சீறிக்கொண்டு புகை எழுந்தது. இரண்டாவது குடத்தையும் ஊற்றினாள்.