பச்சை இலை வைத்த ரோஜா கேக்

அம்மாவுக்குக் கேக் பைத்தியம் பிடித்தபோது நான் நாலாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் என்னையும் இழுத்துக்கொண்டு போடியில் இருக்கிற பேக்கரிகளில் ஒன்று விடாமல் ஏறி இறங்குவாள். ஒரு துண்டு வாங்கி, க்ரீமை நாக்கில் வைத்துக் கண்ணை மூடி, "இது வெண்ணெய் இல்லடி" என்பாள். மிச்சம் முழுக்க எனக்கு. அந்த வகையில் அம்மாவின் கலையார்வத்துக்கு என் முழு ஆதரவு உண்டு.

பிறகு செல்போனைப் பார்த்து வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். குக்கரில் மணல் பரப்பிக் கேக் வேகும். பால் கவரில் க்ரீமை நிரப்பி, நுனியை வெட்டிப் பூப் போடுவாள். ஏலக்காய் வியாபாரியான அப்பா எட்டிப் பார்த்து, "சோறு உண்டா, இன்னைக்கும் பூந்தோட்டந்தானா?" என்பார். அவர் வாயால் ஒரு தடவை நல்லாயிருக்கு என்று கேட்டுவிட வேண்டும் என்று அம்மாவுக்குத் தீராத ஆசை. அதற்காகவே தங்கச்சியின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ரோஜா கேக் செய்தாள்.

ரோஜா வந்துவிட்டது, இலைக்குப் பச்சை இல்லை. "வெரசாப் போயி பச்சைக் கலரு வாங்கிட்டு வா" என்று அனுப்பினாள். கடை பூட்டியிருந்தது. பக்கத்துத் தெருவில்தான் அப்பாவின் குடோன். அங்கே ஒரு டப்பாவில் பச்சைப் பொடி இருக்கும். வெளிறிய ஏலக்காயை அதில் புரட்டி எடுத்தால் கிளி நிறத்துக்கு வந்துவிடும். காகிதத்தில் கொஞ்சம் மடித்து எடுத்து வந்தேன். எங்கே வாங்கினாய் என்று அம்மா கேட்கவில்லை.

சாயங்காலம் தங்கச்சிக்கு முதல் வாய் ஊட்டியபோது அப்பா கேக்கை உற்றுப் பார்த்தார். "இலை அசலாட்டமே இருக்கே" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. விஷயம் தெரிந்தால் இன்னும் சந்தோஷப்படுவார் என்று, "நம்ம குடோன் பொடிதாம்ப்பா" என்றேன்.

அப்பா தங்கச்சியின் வாய்க்குள் விரலை விட்டு க்ரீமைத் தோண்டி எடுத்தார். கேக்கை அப்படியே தூக்கிப்போய்ச் சாக்கடையில் கொட்டினார். தங்கச்சி அலறினாள், அம்மா அழுதாள், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏலக்காய்க்கு மட்டும் போடுறீங்களேப்பா?" என்று கேட்டேன்.

"அது வெளியூருக்குப் போற சரக்கு ஆத்தா" என்றார், என்னைப் பார்க்காமல்.

அது உண்மைதான். எங்கள் வீட்டு டீயில் எப்போதும் வெளிறிய காய்தான் விழும். நல்ல பச்சையையெல்லாம் ஊருக்குக் கொடுத்துவிட்டு நமக்கு மட்டமானதைக் கொண்டுவருகிறாரே என்று நான் அப்பாவுக்காக இரக்கப்பட்டதுகூட உண்டு. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகும் அம்மா கேக் செய்தாள். ஒவ்வொன்றையும் அப்பா தானாகவே வந்து பார்த்து நல்லாயிருக்கு என்றார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் ஆசைப்பட்டது கிடைத்தும் இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று எனக்கு மண்டை குழம்பியது.