அந்துப்பூச்சியின் நாலாவது நரம்பு

1981-இல் மலேசியாவில், ஈப்போ நகரின் புந்தோங்கில் ஒற்றை அறை, ஜெலாப்பாங்கில் கிடங்கு வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பேச ஒரு நாதி கிடையாது. அந்துப்பூச்சி பார்க்கக் கிளம்பியது அதனால்தான். ஆர்வமெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

ஈப்போவிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டரில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். காலை ஐந்தே முக்கால் பஸ், கட்டணம் ஒரு வெள்ளி நாற்பது காசு. இறங்கி இரண்டு கிலோமீட்டர் செம்மண் சாலையில் நடை. ஏழரைக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால், ராத்திரி வெளிச்சத்துக்கு வந்து விளக்கடிச் சுவரில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை மைனாக்கள் காலி செய்துவிடும்.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டிருந்தார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலைந்து வீடுகளில்தான் ஆள். கடைசி வீட்டில் ஓர் அக்கா, முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், தனியாக இருந்தார். எனக்குக் காப்பி போட்டு வைத்துக் காத்திருப்பார். அவர் வீட்டு விளக்கடிச் சுவரில் ஒரு பழுப்பு அந்து கைக்குச் சிக்காமல் என்னைப் படுத்திக்கொண்டிருந்தது. கிடைத்தால் மாதிரிக்கு ஒன்று பிடித்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிறு பால்மாவு டின்னை நீட்டினார். திறந்தால், உள்ளே அந்தப் பழுப்பு அந்து; இறக்கை மொட்டையாக, கண்ணாடி போல இருந்தது! அந்துவின் நிறமும் கோலமும் அதன் செதில்களில்தான் இருக்கின்றன. நாம் பொடி என்று சொல்வது அவற்றைத்தான்.

"என்னக்கா, பாழாக்கிட்டீங்களே! இனிமே எதையும் தொடாதீங்க!"

"அந்தப் பொடி கண்ணுல பட்டா குருடாயிரும்ல தம்பி. நீ மூஞ்சிகிட்ட வெச்சுப் பாக்குறியே. ஈரத்துணியால பத்திரமாத்தான் தொடச்சேன் லா."

காப்பியைத் தொடாமல் டின்னோடு எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். மடத்தனம்.

புதன்கிழமை மனசு கேட்காமல் லென்ஸை வைத்துப் பார்த்தேன். பின் இறக்கையின் நடு அறைக்குக் கீழ்மூலையில் மூன்று நரம்புகள் பிரிந்தால் ஒரு வகை, நான்கு என்றால் வேறு வகை. செதில் இருந்தால் அது சரியாகத் தெரியாது. நான் மூன்று என்றே நம்பியிருந்தேன். இருந்ததோ நான்கு! "நாலு!" என்று தனியாக நின்று கத்தினேன். பக்கத்து அறைக்காரர் வானொலிச் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த ஞாயிறு பிஸ்கட் பொட்டலத்தோடு ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது.

"மாரியாயி அக்காவா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெயரே எனக்கு அன்றுதான் தெரிந்தது. "வியாழக்கெழம மகன் லோரியோட வந்து கூட்டிட்டுப் போயிட்டான் அண்ணே. பாகான் டத்தோ பக்கமாம், எந்த எஸ்டேட்டுன்னு தெரியல லா. பூச்சித் தம்பிக்குக் கோவம் தணிஞ்சிருக்குமான்னு கேட்டுக்கிட்டே போனாங்க."

பாகான் டத்தோவில் மூன்று ஞாயிறு அலைந்தேன். தென்னந்தோப்புக்குத் தென்னந்தோப்பு ஒரு மாரியாயி இருந்தார், இவர் இல்லை. அழுகையே வந்துவிட்டது.

இப்படிப் போக நினைப்பவர்கள் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். சந்திக்கிறவர்களின் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் அக்கா டின்னை நீட்டிய ஞாயிற்றுக்கு நேரே இருப்பது ஒரே வரி: "மாதிரி கெட்டுப்போனது."