சல்வா வரைக்கும் ஒரே லாரி

துபாய் அல் கூஸில் எங்கள் கிடங்கு வாசலில் இரண்டு லாரிகள் பாதி காலியாக நின்றதைப் பார்த்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வேலை மாறிப் போகும் குடும்பங்களின் கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ். ஒன்று சவுதியின் தம்மாம் போகிறது, மற்றது கத்தாரின் தோகா. சவுதிக்குள் கத்தார் எல்லையான சல்வா வரை இரண்டுக்கும் ஒரே சாலை. எல்லாவற்றையும் ஒரே லாரியில் ஏற்றி, தோகா சாமானை மட்டும் சல்வாவில் இறக்கினால் என்ன?

முதலாளி துபாய்க்காரர். கேட்டதும் மேசையைத் தட்டினார். "கலீஜ், இந்த வளைகுடா முழுக்க ஒரே வீடு, பாய்! என் தங்கச்சியையே தோகாவுலதான் கட்டிக் கொடுத்திருக்கோம். யல்லா, ஆரம்பி!" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான இந்தியில்.

எல்லைக்கு அந்தப் பக்கம் சாமானை எடுத்துக்கொள்ள ஆள் வேண்டுமே. சின்ன வயதில் பஹ்ரைனில் ஈசா டவுன் பள்ளியில் என்னோடு படித்த தூத்துக்குடிக்காரன் தோகாவில் டெக்னீஷியனாக இருந்தான். ஒரு வாரம் போனிலேயே அவனைக் கரைத்தேன்.

"ஏல, நல்ல வேலைய விடச் சொல்லுத. மாட்டிவிட்றாத."

"இந்த அரபு நாட்டுக்காரங்கல்லாம் ஒருத்தருக்கொருத்தர் அண்ணன் தம்பி, மச்சான். உனக்கென்ன பயம்?"

ராஜினாமா கொடுத்துவிட்டான்.

நோன்பு மாதம். ஒரு காலையில் எழுந்தால், சவுதியும் அமீரகமும் கத்தாரோடு உறவை முறித்துவிட்டன, எல்லை மூடல் என்று செய்தி. ஆபீஸுக்கு ஓடினேன்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு," என்றார் முதலாளி. "தோகான்னு இங்க யாரும் வாயத் திறக்கக் கூடாது."

"உங்க தங்கச்சி?"

"காலையில கூப்பிட்டா. நான் எடுக்கல."

எப்படிப்பட்ட ஏமாற்று! ஒரே வீடு என்று சொன்ன வாய் ஒரே காலையில் மாறிவிட்டதே என்று கொதித்தேன். அன்றே நண்பன் நான்கு முறை அழைத்தான். நானும் எடுக்கவில்லை. கத்தார் நம்பரோடு பேசினால் விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது: "அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை, சரி. நீ எந்த அரசாங்கம்ல?"

அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான்.

மூன்றரை வருடம் கழித்து எல்லை திறந்தது. முதலாளியின் தங்கையும் பிள்ளைகளும் வந்தார்கள். முதலாளி ஆபீஸ் முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தார். "பாத்தியா, அண்ணன் தம்பி!" ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கொட்டையைத் துப்பிவிட்டு, பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் அவனைப் பற்றி விசாரித்தேன்.

என் நண்பன் இப்போது பழைய சம்பளத்தில் பாதிக்கு தோகாவிலேயே ஏதோ தொழிலாளர் கேம்பில் தங்கி ஏசி பழுது பார்க்கிறான் என்று பள்ளி குரூப்பில் யாரோ சொன்னார்கள். இடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை தோகாவுக்கு லோடு போகிறது. லீவு போட்டுவிட்டேன், விசாவும் கையில். டிரைவர் பக்கத்தில் ஏறிப் போய் அவன் ரூம் கதவைத் தட்டப் போகிறேன். திறக்காவிட்டால், டூட்டிக்குக் கிளம்ப அவன் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அதுவரை வாசலிலேயே உட்கார்ந்து பார்க்கிறேன்.