கோல்கீப்பர் கொடுத்த சட்டை

கால்பந்துக் கழகத்தின் சட்டை அறையில் முப்பத்தொரு வருஷம் தையல் மெஷின் மிதித்தவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கழகத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. ஆட்டக்காரர்களின் முதுகில் எண் தைப்பவள் என்பதால் ‘நம்பர் அக்கா’. அவளைவிட மூத்த பயிற்சியாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவளும் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவள் இல்லை.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. மைதானத்துப் படிக்கட்டுகளுக்கு அடியில் இருந்தது. கோல் விழுந்தால் தலைக்கு மேல் ஆயிரம் கால்கள் குதிக்கும், கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் மெஷின் மேல் உதிரும். அவள் ஆட்டம் பார்த்ததே குறைவு. அழுக்குச் சட்டைகள் கூடையில் வந்து விழுகிற விதத்தை வைத்தே ஜெயித்தார்களா தோற்றார்களா என்று சொல்லிவிடுவாள்.

அறைக்கு அவளே ஒரு சட்டம் போட்டிருந்தாள். கழகத்துச் சட்டை ஒவ்வொன்றிலும் காலருக்கு உள்பக்கம் சிவப்பு நூலில் மூன்று தையல். கழித்துக் கட்டிய சட்டையோ, யாருக்காவது கொடுத்த சட்டையோ வெளியே போகும்போது அந்த நூலைப் பிரித்துவிடுவாள். நூல் இருந்தால் கழகத்துடையது, இல்லாவிட்டால் இல்லை. திருட்டுப் பேச்சு கிளம்பும்போதெல்லாம் நிர்வாகம் காலரைத் திருப்பிப் பார்த்துத்தான் முடிவு சொல்லும்.

அந்தக் கழகம் கோப்பை வாங்கியது ஒரே ஒரு தடவை, அதுவும் பெனால்டியில். கோல்கீப்பர் மூன்று பந்தைத் தடுத்தான். மூன்றுக்கும் ஒரே பக்கம் பாய்ந்ததில் முழங்கைத் துணி கிழிந்து தொங்கியது. மேலே எல்லோரும் கூத்தாடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் சட்டை அறைக்கு இறங்கி வந்தான்.

“அக்கா, இது உங்களுக்கு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

“எனக்கு எதுக்குப்பா? உங்க அம்மாகிட்ட குடு.”

“போன வாரம் சட்டைக் கையை ரெண்டு விரல் பெருசாக்கிக் குடுத்தீங்கல்ல? அதனாலதான் கை அவ்வளவு தூரம் போச்சு. இது உங்களுதுதான்.”

அவ்வளவு வருஷத்தில் அவள் வேலையைக் கவனித்து வாய்விட்டுச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அறையில் வேறு ஆள் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போய் அவள் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது? கிழிந்ததைக் கிழிந்தபடி வைத்திருக்க அவளால் முடியுமா? துவைத்துக் காயவைத்து முழங்கையைத் தைத்தாள். காலரில் சிவப்பு நூல் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே உருவிப் போட வேண்டியதுதானே! கை கேட்கவில்லை. புது நூல் கோத்து மூன்று தையலையும் அழுத்தமாகப் போட்டு முடித்தாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

பல வருஷம் அந்தச் சட்டை அவள் அலமாரியில் இருந்தது. அவள் ஓய்வு பெற்றாள். கோல்கீப்பர் நோயில் படுத்து இறந்துபோனான். கழகம் ஒரு காட்சிக்கூடம் திறந்தது. புது மேலாளர் வீடு தேடி வந்து, “ஒரே ஒரு மாசம் அக்கா, பத்திரமா திருப்பித் தந்துடறோம்” என்று தேனாகப் பேசினார். எழுதி வாங்கத் தோன்றவில்லை. அவள் கழகம், அவளுக்கே எழுத்தா?

மாசம் தாண்டியும் சட்டை வரவில்லை; திருப்பிக் கேட்டு ஒரு வருஷம் நடையாய் நடந்தாள். கடைசியில் மகளையும் கூட்டிக்கொண்டு மேலாளர் முன் போய் உட்கார்ந்தாள். அவர் சட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் காலரைத் திருப்பினார்.

“இந்தத் தையல் யார் போட்டது?”

“நான்தான்.”

“உங்களுக்குக் குடுத்த சட்டைன்னா பிரிச்சிருப்பீங்களே. நீங்க போட்ட ரூல்தானே அக்கா?”

“பழைய தையல்னு சொல்லும்மா. பிரிக்க மறந்துட்டேன்னு சொல்லு,” என்று மகள் காதோரம் கெஞ்சினாள்.

“இல்லடி. வீட்ல வச்சுப் புதுசாப் போட்டேன்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “திருட்டுன்னு நாங்க சொல்ல மாட்டோம்” என்றார். எவ்வளவு பெரிய மனசு! வெளியே வந்து ஒரு வக்கீலைப் பார்த்தார்கள். கொடுத்ததற்குச் சாட்சி யார் என்று கேட்டார். செத்துப் போயிட்டான் என்றாள். அவர் அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னார்.

நாலு மாதம் கழித்துக் கழகத்திலிருந்து போன் வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குச் சூட்டில் முதுகு எண் ஓரம் விட்டுத் தொங்குகிறதாம். அந்தத் தையல் வேறு யாருக்கும் வரவில்லையாம். மகள் போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளோ மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

வெறும் கையால் தொடக் கூடாது என்று வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள். ஊசி விரலுக்குத் தெரியாமல் இரண்டு தடவை குத்திக்கொண்டாள். தைத்து முடித்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். ‘கழகத்தின் உடைமையில் செய்த பழுது வேலை’ என்று இருந்தது. படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

“உனக்கு ரோஷமே கிடையாதாம்மா?” என்று வீட்டில் மகள் கேட்டாள்.

“இருக்குடி,” என்றாள். “அவன் நம்பர் பிஞ்சு தொங்குது. பாத்துட்டு எப்படி வர்றது?”